திரும்பி வருவேன் என்பதற்கு உறுதி எங்கே?

"நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வந்தபோது நான் கொழும்பில், ஓர் ஐரோப்பிய நாட்டின் விசாக் கந்தோரில் நின்றுகொண்டிருந்தேன். முதல்நாள் இரவு மட்டக்களப்பில் பஸ் ஏறி, விடியப்புறம் புறக்கோட்டையில் இறங்கி, காசு கொடுத்துப் போகும் கழிவறையில் பல் தீட்டி, சேட்டு மாற்றிக்கொண்டு வந்திருந்தேன். கையில் ஒரு பை. நான் உயிரோடு இருப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அதற்குள் சான்றிதழ் இருந்தது. பிறந்ததற்கு ஒன்று. தமிழில் பிறந்துவிட்டதால் என்னை இங்கிலீசில் மறுபடி பிறப்பித்த சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரையோடு இன்னொன்று. குற்றம் செய்யவில்லை என்பதற்குப் பொலிஸ் தந்தது. இன்ன ஊரில்தான் இருக்கிறேன் என்பதற்குக் கிராம சேவகர் தந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, "ஐந்து மாதம் எங்களிடம் வந்து படி, சாப்பாட்டுக்கும் அறைக்கும் நாங்களே தருகிறோம்" என்று அவர்களுடைய பல்கலைக்கழகமே எழுதிய கடிதம்.

கூப்பிட்டது அவர்கள். கூப்பிட்ட வீட்டுக்காரரே படலையில் நின்று, "எப்ப போவாய்? போவாய் என்பதற்கு என்ன சாட்சி?" என்று கேட்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. ஐரோப்பாவில் அதற்கு நடைமுறை என்று பெயர்.

"உங்கள் பெயரில் காணி, வீடு ஏதும் உண்டா?"

இல்லை. இருக்கவும் முடியாது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, வீடு பெண்பிள்ளைக்கு. தமிழர் வீட்டிலும் அப்படித்தான், முஸ்லிம்கள் வீட்டிலும் அப்படித்தான். எங்கள் பக்கத்துத் தாய்வழிச் சொத்துரிமையை 1876இலேயே பிறிற்றோ என்பவர் முக்குவச் சட்டம் என்று புத்தகமாகப் போட்டுவிட்டார். மகளுக்குக் கலியாணம் பேசும்போது வீடு எழுதப்படும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். விசாவுக்காக வீட்டை என் பெயருக்கு மாற்றலாமா என்று அம்மாவிடம் கேட்டதற்கு, "ஆம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு மனே வீடு? போற இடத்தில குடுப்பாங்கதானே" என்றார். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை என்றால் பிறவியிலேயே இன்னோர் ஊருக்குக் குடிபோக இருப்பவன் என்ற உண்மையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சொல்லியிருந்தால், பைலை அந்த இடத்திலேயே மூடியிருப்பார்கள். பெரியம்மாவின் நாவலடி வீட்டு உறுதியையாவது காட்டுவோம் என்றால், 2004 டிசம்பர் 26 அன்று வீட்டோடு சேர்த்து அதையும் கடல் கொண்டுபோனது. கடல் பற்றுச்சீட்டு தருவதில்லை.

எங்கள் தமிழில் காணிப் பத்திரத்தின் பெயரே உறுதி. அதை எழுதுகிறவர் நொத்தாரிசு; அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். உறுதியைக் கேட்கும் இடம் கந்தோர், அதுவும் ஒல்லாந்தருடையது. கக்கூசும் அவர்கள் தந்த சொல்தான். 1796 வரை இந்தத் தீவில் இருந்து, ஆண்டு, அள்ளிக்கொண்டு போனவர்கள் ஞாபகார்த்தமாக விட்டுப்போன மூன்று சொற்கள். இன்றைக்கும் மூன்றின் வாசலிலும் நாங்கள் வரிசையில் நிற்கிறோம்.

அவர்கள் வந்தபோது வரிசை இருந்ததா? 1601 மே மாதம் செலாந்து மாகாணத்தின் வேரா துறையிலிருந்து யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்பவர் புறப்பட்டார். மூன்று கப்பல். பெயர்கள் கடா, செம்மறி, ஆட்டுக்குட்டி. நான் கிண்டல் செய்யவில்லை; கப்பலுக்கு அவர்களே வைத்த பெயர்கள். அடுத்த வருடம், 1602 மே கடைசியில், அந்த ஆட்டு மந்தை மட்டக்களப்புக் கரையில் நங்கூரம் போட்டது. பயணத்தின் நோக்கம்: மிளகும் கறுவாவும். தங்கும் காலம்: சந்தர்ப்பத்தைப் பொறுத்து. வங்கி மீதி: பீரங்கி. எந்தக் கிராம சேவகரும் அவரிடம் வதிவிடச் சான்று கேட்கவில்லை. "நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்க அன்றைக்கு எங்களிடம் கண்ணாடி யன்னல் இல்லாமல் போனது இந்தத் தீவின் சரித்திரத் தவறு.

ஸ்பில்பேர்கன் கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைப் பார்த்தார். திரும்பும்போது தன்னோடு வந்த இரண்டு இசைக்காரரை அரசனிடம் விட்டுவிட்டு வந்தார். ஒருவர் பெயர் ஹான்ஸ். மற்றவர் பெயர், சிரிக்காமல் கேளுங்கள், எராஸ்மஸ். ஐரோப்பாவின் மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்கு எராஸ்மஸ் என்று பெயர் வைத்தது 1987இல். எங்கள் நாட்டுக்கு முதல் எராஸ்மஸ் வந்து சேர்ந்தது அதற்கு 385 வருடங்களுக்கு முன்னர். அவருக்குச் சிங்களம் தெரியுமா, தமிழ் தெரியுமா என்று யாரும் சோதனை வைக்கவில்லை. அரச வீட்டார்தான் அவர்களுடைய பாஷையைப் படிக்கத் தொடங்கினார்களாம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

அடுத்து வந்த செபால்ட் டி வேர்ட்டின் ஆட்கள் ஊர்க்காரரின் மாடுகளை வெட்டித் தின்றார்கள். 1603இல் அரசனோடு வாய் தடித்து, மட்டக்களப்பிலேயே டி வேர்ட் வெட்டுப்பட்டுச் செத்தார். அப்படிப்பட்ட நடத்தைச் சரித்திரம் உள்ளவர்களின் கந்தோர்கள்தான் இன்று, தெரு நாய்க்குக்கூடக் கல் எறியாத பிள்ளையிடம் பொலிஸ் சான்றிதழ் கேட்கின்றன. 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்த புளியந்தீவுக் கோட்டைக்குள்தான் நெடுங்காலம் எங்கள் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இயங்கியது. அதாவது, என் பரம்பரை நல்லவர்கள் என்பதற்கான கடதாசியில், அழையாமல் வந்தவன் பிடித்த கோட்டைக்குள் வைத்துத்தான் முத்திரை குத்தினார்கள்.

அடுத்தது காசு. இதற்கு ஊரில் ஒரு சொல் இருக்கிறது: காசு காட்டுவது. காசு இருக்க வேண்டியதில்லை, காட்ட வேண்டும். புலமைப்பரிசில் கடிதம் கையில் இருந்தும் என்னையும் காட்டச் சொன்னார்கள். அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. சின்ன மாமா உழவு மெசின் வாங்க வைத்திருந்த காசை என் கணக்கில் போட்டார். பக்கத்து வீட்டு ஆசிரியை தன் சீட்டுக் காசைத் தந்தார். மூன்று மாதம் எங்கள் ஒழுங்கை முழுக்க என் வங்கிப் புத்தகத்துக்குள் குடியிருந்தது. மாமா அந்தப் போகம் வாடகை மெசினில் உழுதார்.

என் கதையாவது பரவாயில்லை. புலமைப்பரிசில் இல்லாமல் ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பிள்ளை ஒரு வருடத்துக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது 2024 செப்டெம்பருக்குப் பிந்திய கணக்கு. எங்கள் காசில் நாற்பது இலட்சத்துக்குக் குறையாது. இங்கே கம்பஸ் பிள்ளைக்கு அரசாங்கம் தரும் மகாபொல, 2025இல் கூட்டிய பிறகு, மாதம் 7,500 ரூபாய். தேத்தண்ணி குடிக்காமல், போட்டோகொப்பி எடுக்காமல் சேர்த்தால் 44 வருடம் தாண்டி அந்த நாற்பது இலட்சம் நிரம்பும். மாணவர் விசாவையும் முதியோர் அடையாள அட்டையையும் ஒரே நாளில் எடுக்கலாம்.

இதே நேரத்தில் இந்தப் பக்கம் என்ன நடக்கிறது? 2025 யூலையில், ஜெர்மனி, நெதர்லாந்து, பிரான்ஸ் உட்பட 40 நாடுகளின் பயணிகளுக்கு விசாக் கட்டணத்தை விலக்குகிறோம் என்று எங்கள் அரசாங்கம் அறிவித்தது. அவர்கள் பாசிக்குடாவில் படுத்து வெயில் காய வேண்டும். அதற்கு அவர்களுடைய காணி உறுதி எங்களுக்குத் தேவையில்லை. அவர்கள் வந்தால் சுற்றுலா. நாங்கள் போனால் சந்தேகம்.

அக்கரையை மட்டும் திட்டி முடித்தால் நியாயம் இல்லை. எங்கள் தோணியிலும் ஓட்டை. ஒரு கம்பஸ் என்று மட்டும் சொல்கிறேன். இந்தப் பரிமாற்றத் திட்டத்துக்குப் புரிந்துணர்வு உடன்படிக்கை என்று ஒன்று எழுத வேண்டும். எழுதுவதற்கு இங்கிருந்து ஐந்து பேர் போனார்கள். புரிந்துகொள்வதற்கு அங்கே பத்து நாள் தேவைப்பட்டது. அதில் இரண்டு நாள் பக்கத்து நாட்டில். பிறகு அவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். குத்துவிளக்கு, மாலை, வரவேற்பு நடனம், நினைவுச் சின்னமாகப் பித்தளையில் ஒரு பாடும் மீன். பத்துப் பேர் பரிமாறப்பட்டு முடிந்த பிறகு, மிச்சமிருந்த நிதியில் ஒரு பிள்ளைக்கு இடம் இருந்தது. அறிவித்தல் பலகையில் விண்ணப்பம் ஒட்டப்பட்டபோது முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் போயா விடுமுறையும் ஞாயிற்றுக்கிழமையும். எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் கெட்டித்தனம் என்று அம்மா நம்புகிறார். உண்மையான காரணம், போக இருந்த வேண்டப்பட்ட பிள்ளையின் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது.

போனேன். டிராம் ஓடும் நகரம். மழை தூறும்போதும் சைக்கிளில் போகிற சனம். நல்ல சனம் என்பதையும் சொல்ல வேண்டும். வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டினார்கள். சனத்துக்கும் கண்ணாடி யன்னலுக்கும் சம்பந்தமில்லை. எங்கள் ஊரிலும் அப்படித்தானே.

அங்கே முதல் நாளே என் பெயர் போய்விட்டது. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னே இருந்ததால், ஐந்து மாதமும் என்னை அப்பாவின் பெயரால் கூப்பிட்டார்கள். அப்பா படுவான்கரையில் வேளாண்மைக்குக் காவல் இருந்தார். ஐரோப்பாவில் வகுப்புக்கு ஒழுங்காக வரவு வைத்ததும் அப்பாதான். சான்றிதழும் அவருக்குத்தான் கிடைத்தது.

வகுப்புகளில் ஒன்று சமாதானமும் நல்லிணக்கமும். ஒரு நாள் திரையில் வாவி விரிந்தது. கல்லடிப் பாலம், தோணி, அந்திச் சூரியன். என் ஊர். அறுகம்பையில் இரண்டு கிழமை அலைச்சறுக்கு விளையாடிவிட்டு, மட்டக்களப்பில் ஓர் இரவு தங்கிப் போன வகுப்புத் தோழர் ஒருவர், "மோதலுக்குப் பிந்திய கிழக்கில் நம்பிக்கை" பற்றி இருபது நிமிடம் பேசினார். மட்டக்களப்பை அவர் உச்சரித்த விதத்தில் அது இத்தாலியச் சாப்பாடு போல இருந்தது. முடிவில் பேராசிரியர் என்னைப் பார்த்தார். "உள்ளூர்வாசி என்ற முறையில் ஏதாவது சேர்க்க விரும்புகிறீர்களா? ஒரு நிமிடம் இருக்கிறது."

ஒரு நிமிடத்தில் எதைச் சேர்ப்பது? கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தைச் சொல்லலாம். 1990இல் அது ஆயிரக்கணக்கான அகதிகள் ஒதுங்கிய முகாம். செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து இராணுவத்தினர் 158 பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரணை முடிந்ததும் விடுவோம் என்று சொல்லித்தான் கொண்டுபோனார்கள் என்று தாய்மார் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. வருடா வருடம் அந்தத் திகதியில் தாய்மார் படங்களோடு வருகிறார்கள். படத்தில் உள்ளவர்களுக்கு வயது ஏறுவதில்லை, படத்தைப் பிடித்திருக்கும் கைகளுக்கு ஏறுகிறது. சிலர் படத்தைக் கையளித்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"திரும்பி வருவார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" இந்தக் கேள்வியைக் கேட்கத் தகுதி உள்ளவர்கள் அவர்கள். எங்கள் ஆட்சியிடமும், ஜெனீவாவில் கூடிக் கூடித் தீர்மானம் போட்டவர்களிடமும் அவர்கள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே அவர்களுக்குக் கண்ணாடி யன்னல்கூடத் திறக்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்களிடம் பதில் இல்லை. கேட்டால் பயப்படுகிற பிள்ளையிடம்தான் முத்திரையோடு ஆதாரம் வேண்டுமாம்.

நான் பேராசிரியரிடம், "படங்கள் நன்றாக இருக்கின்றன" என்றேன். வகுப்பு கைதட்டியது. நல்லிணக்கம் ஏற்பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து நகரத்தில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணாவிடம் போவேன். எண்பதுகளின் கடைசியில் ஏஜென்சிக்குக் காசு கட்டி, பனிக்குள் நடந்து, லொறிக்குள் ஒளித்து வந்தவர். முதல் பத்து வருடம் கோப்பை கழுவினார். கோப்பை போர்த்துக்கேயர் எங்களுக்குத் தந்த சொல். கழுவுவது மட்டும் எங்களுடைய பங்களிப்பு. மட்டக்களப்பிலேயே போர்த்துக்கேயரின் வழி வந்த பறங்கியர் இருக்கிறார்கள். தச்சுவேலை, இரும்புவேலை செய்து, நானூறு வருடத்துக்கு முந்திய போர்த்துக்கேய மொழியைக் கிரியோலாக வீட்டுக்குள் காத்து வைத்திருக்கிறார்கள். லிஸ்பன் பார்க்க அவர்களும் காசு காட்டத்தான் வேண்டும். மூதாதையரின் மொழி நாக்கில் இருப்பது வீட்டோடு பிணைப்புக்கு ஆதாரமாகாது. நாக்கில் முத்திரை குத்த முடியாதல்லவா?

அண்ணா என் திரும்பும் டிக்கெட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "விசரா உனக்கு? நாங்க உயிரக் குடுத்து வந்த இடத்துக்கு விசாவோட வந்திட்டு, கிறுகிப் போகப்போறியா?"

கந்தோர்க்காரர் நான் திரும்புவேன் என்று நம்பவில்லை. அண்ணாவுக்கு நான் திரும்புவேன் என்பதை நம்ப முடியவில்லை. என்னை நம்பியது என் பாட்டி, பெத்தா ஒருத்திதான். வெளிக்கிடும்போது திருநீறு பூசி, "போய்க் கிறுகி வா மனே" என்றாள். ஆதாரம் கேட்கவில்லை.

ஒரு விடுமுறையில் ரொட்டர்டாம் போய் எராஸ்மஸின் வெண்கலச் சிலையைப் பார்த்தேன். ஹென்ட்ரிக் டி கெய்சர் வடிவமைத்தது; 1622இல் நிறுவப்பட்டது. கையில் புத்தகம். கோயில் மணி கேட்கும்போதெல்லாம் ஒரு பக்கம் புரட்டுவார் என்று அந்த ஊரில் கதை. பாரிஸ், கேம்பிரிட்ஜ், லூவன், பாசல் என்று சுற்றித் திரிந்த மனிதர். 1511இல் மடமையைப் புகழ்ந்து ஒரு நையாண்டிப் புத்தகம் வெளியிட்டு, பாதிரிமாரையும் பிரபுக்களையும் பண்டிதர்களையும் கிழித்தவர். அந்தப் பெயரைத் திட்டத்துக்கு வைத்தவர்கள் புத்தகத்தைப் படித்திருப்பார்களா என்று யோசித்தேன். படித்திருந்தால் விண்ணப்பப் படிவத்தை இன்னும் கவனமாக எழுதியிருப்பார்கள்.

திரும்பி வந்தேன். சொன்ன திகதியில், சொன்ன விமானத்தில். திரும்பிய பிறகு அந்தக் கண்ணாடி யன்னலிலிருந்து, "தம்பி, வந்து சேர்ந்தீர்களா?" என்று ஒரு வார்த்தை வரவில்லை. அவ்வளவு கவலையாகக் கேட்டவர்கள்! ஊரில் வரவேற்பு இன்னும் விசேஷம். சந்தைக்குப் போனால், "ஏன் வந்தனீ? பிடிச்சு அனுப்பிட்டாங்களா?" தெருவில் மூன்று பேர் நான் ஏதோ பிழை செய்துவிட்டு வந்ததாக முடிவு கட்டினார்கள். மாமா மட்டும் தன் உழவு மெசின் காசு திரும்பிவிட்டதில் சந்தோசப்பட்டார்.

கம்பஸில்தான் உச்சக்கட்டம். ஐந்து மாதம் படித்து, பரீட்சை எழுதி, பெறுபேற்றோடு வந்த பிள்ளையிடம் சொன்னார்கள்: அங்கே படித்த பாடங்களின் குறியீட்டு இலக்கமும் இங்கே உள்ள பாடங்களின் குறியீட்டு இலக்கமும் பொருந்தவில்லை. புரிந்துணர்வு உடன்படிக்கையில் இதற்கு ஒரு பந்தி இருக்கிறதே என்றேன். இருக்கிறது, ஆனால் அதை நடைமுறைப்படுத்த ஒரு குழு அமைக்க வேண்டும், குழு அமைக்க ஒரு கூட்டம் வேண்டும், கூட்டத்துக்கு வேண்டியவர்கள் புதிய உடன்படிக்கை ஒன்றுக்காக வெளிநாடு போயிருக்கிறார்கள். ரொட்டர்டாமில் வெண்கலம்கூடப் பக்கம் புரட்டுகிறது. இங்கே என் பைல் புரளவில்லை. முழு செமஸ்டரும் மறுபடி படி என்றார்கள்.

இதற்குப் பெயர் பரிமாற்றம். பரிமாற்றம் என்றால் என்னவென்று பாலமீன்மடுவில் வலை வீசுகிறவரைக் கேளுங்கள். மழைகாலத்தில் வாவி நிறைந்து முட்டும்போது முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். வாவித் தண்ணீர் கடலுக்குப் போகும். போனதோடு நிற்காது, கடலும் உள்ளே வரும், இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அதோடு வரும். போவதும் வருவதும் நடந்தால்தான் வாவி உயிரோடு இருக்கும். எப்போது வெட்டுவது என்பதில் விவசாயிக்கும் மீன்பிடிகாரருக்கும் சண்டை வரும், கச்சேரியில் கூட்டம் வரும். ஆனால் வெளியே போகும் ஒவ்வொரு மீனிடமும் காணி உறுதி கேட்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் மூளை பிசகவில்லை. இந்தப் பரிமாற்றத்தில் அங்கிருந்து படிக்க ஒரு பிள்ளைகூட எங்களிடம் வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். ஐந்து பேர் வந்து பித்தளை மீன் வாங்கிப் போனதோடு சரி.

போன கிழமை ஒரு தங்கச்சி என்னைத் தேடி வந்தாள். படுவான்கரைப் பிள்ளை, ஆற்றைக் கடந்து படித்து வந்தவள். இந்த வருடத்து இடம் அவளுக்காம். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்பத் தெரியவில்லை. "அண்ணா, திரும்பி வருவேன் எண்டதுக்கு ஆதாரம் என்னெண்டு கேட்டிருக்காங்க. வீடு அம்மாட பேரில. எனக்கு எழுத இன்னும் கலியாணம் பேசல்ல. காசும் இல்ல. என்ன எழுதுற?"

நான் பேனையை வாங்கி எழுதிக் கொடுத்தேன். "நான் அங்கே படிக்கப்போகும் ஒரு பாடத்தையும் என் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளப்போவதில்லை. ஆகவே திரும்பி வந்து அதே செமஸ்டரை மறுபடி படித்தே ஆக வேண்டும்."

இதைவிடப் பலமான உறுதியை ஒல்லாந்து நொத்தாரிசே எழுந்து வந்தாலும் எழுத முடியாது.